பத்து உதை

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலத்தோட மூணாவது ஞாயிறு. சந்தோஷத்துக்குன்னு ஏத்துற ரோஸ் கலர் மெழுகுவர்த்தியை அப்பா பத்த வெச்சாரு. அம்மா ஏழு மாச வயித்தோட கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. இதுக்கு முன்னாடி ரெண்டு தங்காமப் போயிடுச்சு.

கால்மாட்டுல மக உக்காந்திருந்தா. பதினஞ்சு வயசு.

மாத்திரை மயக்கத்துல அம்மாவுக்கு எதுவும் உறைக்காது. அதனால தினமும் சாயங்காலம் அம்மா வயித்துல கை வெச்சு, குழந்தை எத்தனை தடவை உதைக்குதுன்னு எண்ணி அட்டையில எழுதறது மக வேலை. ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும். குறைஞ்சா உடனே ஆஸ்பத்திரி.

வியாழக்கிழமை ஆறுதான் வந்துச்சு. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே எண்ணினதால விட்டுட்டோம்போலன்னு பத்துன்னு எழுதினா. வெள்ளிக்கிழமை நாலு. உண்மையை எழுதினா முந்தின நாள் பொய் வெளிய வந்துடுமே? அதுவும் பத்தாச்சு. நேத்து கை வைக்கவே பயம். எண்ணாமலே பத்து.

"ஆளுக்கொரு நன்றி சொல்லுங்க. முதல்ல நீ சொல்லு வாலு," அப்பா சிரிச்சாரு. அவரு லிஃப்ட் மெக்கானிக். "என்னடி முழிக்கிற? நடு மாடியில லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவன்கூட இப்படி முழிக்க மாட்டான்."

"அவளை விடுங்க, நான் சொல்றேன்," அம்மா குரல் குழறுச்சு. "மரக்கட்டையாக் கெடக்கேன். எம் பொண்ணு தெனம் பத்து எழுதறா பாருங்க, அதைப் பாத்துதான் கண்ணை மூடறேன். அதுக்குத்தான் நன்றி."

மகளால அதுக்கு மேல தாங்க முடியல.

"பத்து இல்லம்மா. மூணு நாளா பொய்யா எழுதினேன். குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு... நேத்து எண்ணவே இல்ல."

அப்பா அடிப்பாருன்னு நெனச்சா. அடிக்கல. அம்மா வயித்துல கை வெச்சுக் காத்திருந்தாரு. அவரு மூஞ்சி செத்துப்போச்சு. அப்படியே அம்மாவைத் தூக்கினாரு. "வண்டிச் சாவி எங்கடி?"

ஆஸ்பத்திரியில நர்ஸ் வயித்து மேல கருவியை வெச்சுத் தேடினா. இங்க இல்ல. அங்க இல்ல. அப்புறம் ஒரு சத்தம், ரொம்ப மெதுவா, விட்டு விட்டு.

"துடிப்பு இருக்கு, ஆனா எறங்கிக்கிட்டே வருது," டாக்டரம்மா சொன்னாங்க. "இப்பவே எடுத்தாகணும். வாக்குக் கொடுக்க முடியாதுங்க."

ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போனப்ப அம்மா இவளைப் பாக்கல. பாக்க முடியலையா, பாக்கப் பிடிக்கலையான்னு இவளுக்குத் தெரியல.

"மூணு நாள்," அப்பா சுவத்தைப் பாத்துச் சொன்னாரு. அவ்வளவுதான்.

இவ தள்ளிப்போய் மூலையில மண்டி போட்டா. ஆண்டவரே, காப்பாத்துங்கன்னு கேக்க வாய் வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? காதுல அந்தச் சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் சொல்லாம இருந்திருந்தா அதுகூட இருந்திருக்காது.

"அது துடிச்சுதே, அதுக்கு நன்றி," அழுதுக்கிட்டே முணுமுணுத்தா. "உள்ள போறப்ப துடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நன்றி."

கதவு இன்னும் தெறக்கல.