சித்தி காட்டிய பழம்

தஹ்பியா அல்ஜியர்ஸிலிருந்து எங்கள் மலையூருக்கு வந்ததே சித்தி ஸ்மினாவைப் பார்த்துக்கொள்ளத்தான். கிழவிக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டன. பெற்ற மகன்கள் பிரான்சிலிருந்து போனில் விசாரிப்பதோடு சரி. மாற்றாந்தாய்க்கு இவ்வளவு செய்வானேன் என்று ஊர் கேட்டால் தஹ்பியா விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"சின்ன வயசுல சித்தி என்னை அடிப்பா, உண்மைதான். ஆனா ஒருநாள் ஓடைக்குக் கூட்டிட்டுப் போயி, கறுப்பா மினுமினுன்னு ஒரு பழத்தைக் காட்டி, 'வயிறு முட்டத் தின்னுடி'ன்னா. அவ வாயில அப்படி ஒரு வார்த்தை அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

அந்தப் பழத்தின் பேர் மட்டும் அவளுக்குத் தெரியாது. ஒரு காலை ஓடைக்கரையில் அந்தப் புதரையே கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷமாக ஒரு கொத்து ஒடித்து வந்தாள். ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு வர்தியா முற்றத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, இது என்ன செடி?"

வர்தியா அவள் கையைத் தட்டிவிட்டாள். "கீழ போடு முதல்ல! வாயில வச்சியா?"

"இப்ப இல்ல. சின்ன வயசுல தின்னிருக்கேன்."

"தின்னுட்டு உசுரோட இருக்கியா? தோல் பதனிடறவங்க இலை பறிக்கிற செடிடி இது. இலையத் தின்னாலே ஆடு குடிகாரன் மாதிரி விழும். பழம் தின்ன புள்ள வலிப்பு வந்து செத்துப் போயிடும். ஊருக்கே தெரியும். உனக்கு யாரு காட்டினது?"

அந்தப் பழத்தைத் தின்ற அன்று வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்ததும், வெயில் தாக்கிவிட்டது என்று அப்பா சொன்னதும் தஹ்பியாவுக்கு நினைவுக்கு வந்தன. உள்ளே போனாள்.

"சித்தி, அது விஷப்பழம்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

ஸ்மினா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியாமயா அவ்வளவு தூரம் நடந்தேன்? இருந்த ரொட்டி என் புள்ளைங்களுக்கே பத்தல. நீ பாதியத் துப்பிட்ட. எதையும் உருப்படியா செய்யத் தெரியாத கழுத."

மாலையில் தஹ்பியா வழக்கம்போல் பார்லிக் கஞ்சி ஊட்டப் போனாள். கிழவி வாயை இறுக்கிக்கொண்டாள்.

"நீ முதல்ல குடி."

குடித்துக் காட்டினாள்.

"மேலாக் குடிச்ச. அடியில என்ன கலந்திருக்கியோ!"

மறுநாளும் அதே கதை. வர்தியா கொண்டுவந்ததையும், "அவ குடுத்தனுப்பினதுதானே" என்று துப்பினாள். விஷம் வைக்கிறாள் என்று போனில் அழுதாள். மகன்கள் தஹ்பியாவைத் திட்டினார்கள், வரவில்லை.

தஹ்பியா சில நாள் கெஞ்சினாள். பிறகு கெஞ்சுவதை விட்டாள்.

கிழவியைப் புதைத்துவிட்டு வரும்போது வர்தியா கேட்டாள்: "கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

"பசிக்குதுன்னு கூப்பிட்டா."

"நீ?"

"நான் சாப்பிட்டுட்டிருந்தேன்."