சேற்றில் சாயாத படகுகள்

அறிக்கை முடிந்த நிம்மதியில் வேவுப்பிரிவுக் கேப்டன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். எதிரி, நம் தீவின் வடக்குத் துறைமுகத்தில்தான் வந்து இறங்குவான். தெற்கே மைல் கணக்கில் ஆழமில்லாத சேற்றுக்கடல். அங்கே வந்து மாட்டிக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா? தெற்கிலுள்ள பீரங்கிகளை வடக்கே அனுப்பச் சொல்லிக் கடைசி வரியும் எழுதியாயிற்று.

அந்த நேரம் பார்த்தா வரவேண்டும் படக்காரம்மா! விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவுவது அவள் வேலை. வீட்டில்கூட அதைச் சொல்லக்கூடாது. அவள் கையிலிருந்தது, 'வீண்' என்று கேப்டனே கழித்துப்போட்ட படம். விமானி நேரம் தவறிப் போய், எதிரித் துறைமுகத்தில் கடல் வற்றிக் கிடந்தபோது எடுத்தது.

"சார், தண்ணி வத்தினா படகு எப்படி நிக்கும்?"

"ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கும். இது என்ன கேள்விம்மா?"

"இதுல நூத்திப்பத்து படகு இருக்கு. ஒண்ணுகூட சாயல, பாருங்க."

கேப்டன் குனிந்து பார்த்தார். அடேயப்பா! அத்தனையும் தரையில் வைத்த தாம்பாளம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. தட்டையான அடி. கடல் ஏறும் நேரத்தில் முழங்கால் ஆழம் போதும், தெற்கே சேற்றின் மேலேயே வழுக்கி வந்துவிடலாம். ஆறு வாரமாகத் தன் கண்ணில் படாததை இவள் ஒரு வீண் படத்தில் பிடித்துவிட்டாளே என்று மலைத்துப்போனார்.

"அப்போ தெற்குப் பீரங்கி அங்கேயே இருக்கட்டும்."

"அது பத்தாது சார். வடக்குல இருக்கறதையும் அங்க அனுப்பணும். அங்க சாலையோரமா நிக்கற படைதான் சீக்கிரம் போய்ச் சேரும்."

பீரங்கி போனால் ஆட்களும் கூடவே போகவேண்டும். சாலையோரத்துப் படையில் யார் இருக்கிறார் என்பது கேப்டனுக்குத் தெரியும்.

"அம்மா, அது உங்க தம்பியோட..."

"தெரியும் சார். எனக்கிருக்கறது அவன் ஒருத்தன்தான்." பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் மனசு மாறறதுக்குள்ள எழுதிடுங்க."

பழைய கடைசி வரியை அடித்துவிட்டுக் கேப்டன் எழுதினார்.

மூன்றாம் நாள் விடியலில், சொல்லிவைத்தாற்போல் தெற்கே வந்தன படகுகள். மதியத்துக்குள் சேறு முழுக்க உடைந்த பலகை. மிஞ்சியவை திரும்பி ஓடின. சாலையோரத்துப் படையிலும் ஒன்பது பேர் போய்விட்டார்கள் என்றது செய்தி. பெயர் இல்லை. கேப்டன் விதிமுறையாவது ஒன்றாவது என்று தானே தீவுக்குத் தொலைபேசி போட்டு, யார் யாரையோ அதட்டிக் கடைசியில் அவளிடம் நீட்டினார்.

"அக்கா! உசிரோட இருக்கேன்க்கா! எவனோ ஒரு புண்ணியவான் எங்களைச் சேத்துக்குத் தள்ளிட்டான்னு மூணு நாளா வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாங்க இங்க வரலேன்னா தீவே போயிருக்கும், இன்னிக்கு அவன் கால்ல விழணும்போல இருக்கு. ஆனா ஒம்பது பேரு போயிட்டாங்கக்கா... யாருக்கா அவன்? உன் ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

குரல் அறை முழுக்கக் கேட்டது. கேப்டன் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"எனக்கெப்படிடா தெரியும்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சாப்பிட்டியா?"