ரெண்டு நிமிஷம் ஐம்பத்தொரு வினாடி

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடையில் யாரைக் கேட்டாலும் சூசைமாணிக்கத்தை "அந்தப் பாட்டுத் தட்டு சாருங்களா?" என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குப் பாதிதான் தெரியும். கிராமபோன் பாட்டுத் தட்டு சேர்க்கிறவர்கள் சேலத்தில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். சூசைமாணிக்கம் சேர்ப்பது ரேடியோவுக்கென்று தனியாக அச்சடித்த சின்னத் தட்டு. அதுவும் பழைய இங்கிலீஷ் பாட்டு மட்டும்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து இங்கிலீஷ் பாட்டுக் கம்பெனிகள் ஒரே பாட்டை இரண்டு விதமாக வெளியிடும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்குப் பெரிய தட்டில் முழுப் பாட்டு. ரேடியோக்காரனுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் பொறுமை கிடையாது என்பதால் அவனுக்கு மட்டும் அங்கே இங்கே வெட்டிய ஒரு சின்னத் தட்டு. ஊரெல்லாம் கேட்டு மயங்கியது அந்த வெட்டிய பாட்டை. பிற்பாடு கடையில் போய் வாங்கினால் கைக்கு வருவது வெட்டாத பாட்டு. "ரெண்டும் ஒரே பாட்டு தானுங்களே சார்?" என்று கேட்டவர்களோடு அவர் அப்புறம் காபி குடித்ததில்லை.

அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு தட்டு சேர்த்துவிட்டார். அதில் முக்கியமான ஒன்று மட்டும் இல்லை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

பாட்டின் பெயர் 'கம் டவுன், வினிஃபிரெட்'. மாடியில் இருக்கும் வினிஃபிரெட்டை, தெருவில் நின்று ஒருவன் இறங்கி வரச் சொல்கிற பாட்டு. சூசைமாணிக்கம் அதை முதலில் கேட்டது 1978 ஜூனில், மிஷன் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்த மறு வருஷம். சனிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் ட்யூப் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து லேப் அட்டெண்டர் மேக்ஸ்வெல் தன்னுடைய டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். மலைமேல் சிற்றலை ரேடியோ சுத்தமாகக் கேட்கும். கடைசிச் சரணம் முடிந்தது, டிரம்மில் ஒரே ஒரு அடி விழுந்தது, பாட்டு டக்கென்று நின்றுவிட்டது. அவள் இறங்கி வந்தாளா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. இரண்டு பேரும் ஈரக் கையோடு அப்படியே நின்றார்கள். அந்த நிறுத்தம் போல ஒரு அழகை சூசைமாணிக்கம் பிறகு எதிலும் பார்க்கவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்பு பெரிய தட்டு கிடைத்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தார். டிரம் அடி விழுந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. 'வின்னீ... வின்னீ...' என்று அந்த ஆள் கூப்பிட ஆரம்பித்தான். கூப்பிட்டான், கூப்பிட்டான், ஒரு நிமிஷம் நாற்பத்தேழு வினாடி கூப்பிட்டு, குரல் தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தான். "இதென்ன இழவு இழுவை!" என்று தட்டைப் பார்த்தே திட்டினார். ஆனாலும் வேறு கதி இல்லாமல் தினமும் காலை ஆறரைக்கு, காபி டம்ளரோடு உட்கார்ந்து அதைத்தான் கேட்டார். டிரம் அடியோடு ஊசியைத் தூக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பாட்டு ஓடும்போது ஊசியில் கை வைப்பது அவர் அகராதியில் கொலைக் குற்றம்.

வீடு, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய எஸ்டேட் லைனில் ஒரு அறையும் சமையலறையும். கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்த் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டில் இரண்டு வருஷமாகக் கண்ணாயி குடியிருந்தாள். கிளியூர்க்காரி, ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, மகளை வெள்ளக்கடையில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஏழரைக்கெல்லாம் காபித் தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவாள். "மழை வருமுங்களா?" "வருமாட்டந்தான் இருக்குதுங்க" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது. லைன் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே முழ அகலத்துக்கு இடைவெளி இருக்கும். பாட்டுச் சத்தம் தொந்தரவென்று அவள் ஒரு நாள் சண்டைக்கு வரத்தான் போகிறாள் என்று சூசைமாணிக்கம் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம் பெங்களூரிலிருந்து பார்சல் வந்தது. பழைய தட்டு விற்கிற ஒருவரிடம் வருஷக்கணக்கில் சொல்லிவைத்திருந்தது. இதற்கு முன்பு இரண்டு தடவை ஏமாந்திருந்தார். லேபிளில் ரேடியோப் பாட்டு என்றிருக்கும், போட்டால் பெரிய பாட்டையே கடைசியில் சத்தத்தைக் குறைத்து முடித்திருப்பார்கள். இந்தத் தடவை வெள்ளை லேபிள். 'விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரை. பூதக்கண்ணாடி வைத்து, உள் ஓரத்தில் கீறியிருந்த நம்பரைப் பார்த்தார். சரியாக இருந்தது. தட்டைச் சுழலவிட்டு, கைக்கடிகாரத்தைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டார்.

டிரம் அடி விழுந்தது. பாட்டு நின்றது. ரெண்டு நிமிஷம் ஐம்பத்தொரு வினாடி.

சூசைமாணிக்கம் எழுந்து நின்று, வெறும் அறையில் கை தட்டினார். தட்டிய பிறகு வெட்கமாக இருந்தது. உடனே மேக்ஸ்வெல்லுக்குப் போன் போட்டார். மேக்ஸ்வெல் ஓசூரில் மகன் வீட்டோடு போய்க் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது. காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும் இவருக்குத் தெரியும்.

"டேய், கெடச்சிருச்சுடா! நம்ம வினிஃபிரெட்! ரேடியோ தட்டே கெடச்சிருச்சு!"

"என்னது?"

மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. புரிந்ததும் மேக்ஸ்வெல் அங்கே துள்ளியிருப்பான் போல, ஏதோ தட்டி உருண்ட சத்தம் கேட்டது. "போடு, போடு! இப்பவே போடுடா!"

போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டார். அடி விழுந்தது, பாட்டு நின்றது. போனில் ஒரு சத்தமும் இல்லை. மேக்ஸ்வெல் அழுகிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சாடா மாணிக்கம்?" என்றான் மேக்ஸ்வெல்.

"கேக்கலியா?"

"காதுல மிஷின் மாட்டியிருக்கறன்டா. பேச்சு தெரியுது. பாட்டெல்லாம் தகரத்துல ஜல்லி கொட்டற மாதிரிதான் இருக்குது. எந்தப் பாட்டு போட்டாலும் அதே ஜல்லிதான்." பிறகு, "அந்த அடி விழுந்துச்சில்ல?" என்று கேட்டான்.

"விழுந்துச்சுடா."

"அது போதும். எனக்கும் சேத்து நீயே கேட்டுக்க."

போனை வைத்துவிட்டுத் தட்டைத் துடைத்து உறையில் போட்டார். அப்புறம் மனசு கேட்காமல் சேலத்தில் இருக்கும் தங்கை மகள் ஜெஸ்லினுக்குப் போன் போட்டார். அவள் நல்ல பிள்ளை, மாமா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"போன்லயே இந்தப் பாட்டு இருக்குதுங்களே மாமா. இதுக்கா இத்தனை வருசம்?"

"போன்ல இருக்கறது வேற கண்ணு. இது வேற."

"வார்த்தை மாறுதுங்களா?"

"இல்ல. எங்க நிக்குதுங்கறதுதான்... இரு, போடறன், நீயே கேளு." போனை ஒலிபெருக்கிப் பக்கம் வைத்துத் தட்டைச் சுழலவிட்டார்.

"நல்லா இருக்குதுங்க மாமா. நொம்ப நல்லா இருக்குது. நேரத்துக்குச் சாப்புடுங்க." பாட்டு அப்போது முதல் சரணத்தைக்கூடத் தாண்டவில்லை.

அன்றைக்குத்தான் சூசைமாணிக்கத்துக்குத் தன் நிலைமை வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவரை யாரும் பாராட்டவேண்டாம், அலமாரியைப் பார்த்து வாய் பிளக்கவேண்டாம். அந்த வித்தியாசம் இன்னொரு காதில் விழவேண்டும், அவ்வளவுதான். அந்தக் காது இனிமேல் இந்த உலகத்தில் கிடையாது. கேட்க ஆள் இல்லாதபோது எது எங்கே நின்றால் என்ன? நாளைக்குக் காலையில் ஒரு தடவை கேட்டுவிட்டு, பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் நிம்மதி வரவில்லை. வீடு இன்னும் காலியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சின்னத் தட்டைப் போட்டார். வெளியே ஜன்னலை ஒட்டிப் பனி நின்றிருந்தது. அடி விழுந்தது, பாட்டு நின்றது. முந்தின நாள் வந்த சந்தோஷத்தில் கால்வாசிகூட வரவில்லை. தட்டை உறையில் போட்டுப் போனைக் கையில் எடுத்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் கண்ணாயி நின்றாள். கையில் களி கிண்டுகிற துடுப்பு. அதில் மாவு அப்பியிருந்தது. கடைசியில் சண்டைக்கு வந்தேவிட்டாள் என்று அவருக்குப் பட்டது.

"சத்தம் ஜாஸ்தியாயிருச்சுங்களாம்மா?"

"சத்தமெல்லாம் இல்லீங்க. ஏனுங்க சாரு, இன்னைக்கிப் பாட்டுக்கு என்னங்க ஆச்சு? பாதியிலயே நின்னு போச்சுங்களே?"

சூசைமாணிக்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்னங்கம்மா சொன்னீங்க?"

"உங்க பாட்டு ஆரம்பிச்சா ஒலையில மாவு போடுவேனுங்க. அந்த ஆளு கூப்புட்டு ஓயறப்பத் துடுப்பைப் போட்டுக் கிண்டுனா பதமா இருக்குமுங்க. ரெண்டு வருசமா அப்படித்தான். இன்னைக்கிப் பாட்டு நின்னுருச்சேன்னு கிண்டிப்போட்டேன். இதைப் பாருங்க." துடுப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வேகவே இல்ல. கட்டி கட்டியா நிக்குது."

"எவ்வளவு முன்னாலம்மா நின்னுச்சு?" பரீட்சை வைக்கிறவர் மாதிரி கேட்டார்.

"அதான் சொல்றனுங்களே. அவரு கூப்புடறது பூராவும் போயிருச்சு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: பெரிய தட்டு, சின்னத் தட்டு, மூன்று நிமிஷப் பொறுமை, பத்தொன்பது வருஷத் தேடல். கண்ணாயி குறுக்கே பேசாமல், துடுப்பிலிருந்து மாவு சொட்டச் சொட்ட, முழுவதையும் கேட்டாள். அவர் பேச்சை அவ்வளவு முழுசாக யாரும் கேட்டதில்லை.

"அப்ப அந்தச் சின்னி வந்துட்டாளுங்களா?" என்றாள்.

"யாருங்க?"

"அவரு கூப்புடுவாருங்களே, சின்னீ, சின்னீன்னு. எம்பட நாத்தனாவும் சின்னிதானுங்க. எத்தனை கூப்புட்டாலும் லேசுல திரும்பிப் பாக்கமாட்டா. இன்னைக்கி அவரு கூப்புடலீன்னதும், செரி, சின்னி வந்துட்டாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சனுங்க. களி போனாப் போகுதுன்னு எனக்குச் சந்தோசமாக்கூட இருந்துச்சு."

'சின்னி இல்லைங்கம்மா, வின்னி, வினிஃபிரெட்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. லேபிளில் ஓர் எழுத்து மாறினாலே கடிதம் போட்டுத் திருத்துகிற மனிதர் அவர். இதை மட்டும் திருத்த மனசு வரவில்லை.

"இல்லீங்கம்மா. வரலை."

"வரலீங்களா? அப்பறம் எதுக்குங்க நிறுத்திப்போட்டாங்க?"

இந்தக் கேள்வியை அவர் நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நிறுத்தம் அழகு என்பதோடு சரி. கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறவனின் வாயை அடைத்தது அது என்று தோன்றியதே இல்லை. யோசித்துப் பார்த்தால் அவரும் அந்தச் சின்னத் தட்டு மாதிரிதான். யாரையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார். பதில் வராவிட்டால் டக்கென்று நிறுத்திக்கொள்வார். அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டு அறுபத்தாறு வயது வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார்.

"ரேடியோக்காரங்களுக்கு நேரம் இல்லீங்கம்மா" என்றார்.

"அவங்களுக்கு இல்லீன்னா என்னுங்க? மறுக்கா ஒலை வெச்சிருக்கறன். அந்தப் பழைய தட்டைப் போடுங்க. சின்னி வந்தா வர்றா, வராட்டிப் போறா. அவரு பாட்டுக்குக் கூப்புடட்டும்." சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சூசைமாணிக்கம் பெரிய தட்டை எடுத்துப் போட்டார். அடி விழுந்தது, அந்த ஆள் கூப்பிட ஆரம்பித்தான். பதினொரு வருஷமாக இழுவை என்று திட்டிய அந்த ஒரு நிமிஷம் நாற்பத்தேழு வினாடியையும் அன்றைக்கு ஒரு வினாடி விடாமல் கேட்டார். அவளுக்குக் கேட்கும் கேட்காது என்ற கணக்கெல்லாம் அவனிடம் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே போய் ஓய்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பானையில் துடுப்பு சுழலும் சத்தம் தொடங்கியது.

அவர் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்.

"கண்ணாயிம்மா, இப்ப வெந்துருச்சுங்களா?"

பதில் இல்லை. துடுப்புச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் நாற்காலிக்குத் திரும்பியிருப்பார்.

சுவருக்கு மேலிருந்த இடைவெளியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடியும் கூப்பிட்டார்.