கதவு மூடாத கட்சி

உலகத்தில் எந்தக் கதவாலும் அடைக்க முடியாத ஒரே கட்சி எங்கள் வெள்ளவத்தையில்தான் பிறந்தது. 2016இல், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், சாரிக் கடை மேல்மாடியில், ஏழு பேர் கூடித் தாராளவாதக் கட்சியைத் தொடங்கினார்கள். கொள்கை மூன்று: எவரும் எதையும் பேசலாம், யாபாரத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது, நீதிமன்றக் கட்டளையில்லாமல் ஒருவரையும் அடைக்கக் கூடாது. எதிர்ப்பில்லாத தீர்மானம் செல்லாது என்றும் கட்சி விதிகளான யாப்பில் எழுதினார்கள். எதிர்க்கும் பொறுப்பை எழுவரில் ஒருவரான கொட்டாஞ்சேனை மஜீட் ஏற்றார்.

முதல் தீர்மானப்படி அந்த மேல்மாடிக் கந்தோரின் கதவுப் பூட்டைக் கடலில் எறிந்தார்கள். அன்றிலிருந்து உறுப்பினர் உள்ளே இருந்தால் எந்தக் கதவும் மூடாது. பஸ்கள் திறந்த கதவோடு புறக்கோட்டை வரை ஓடின. கழிப்பறைக்குப் போனவர் இருமிக்கொண்டே இருந்தார். மஜீட் மட்டும் நம்பவில்லை. "உப்புக் காத்துல கதவுப் பிணைச்சல் துருப்பிடிச்சா இப்பிடித்தான், வாப்பா!"

2019இல், விசாரணையில்லாத் தடுப்பைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் அடித்ததற்காகத் தலைவர் பெரியதம்பியைப் பிடித்துப் போனார்கள். சிறைக்கூடத்துக்கு ஒன்பது கதவு மாற்றினார்கள், ஒன்பதும் திறந்தே கிடந்தன. தெமட்டகொடையிலிருந்து வந்த ஒட்டுவேலைக்காரர் கதவில் ஒட்டிய இரும்பு மெழுகாய் வழிந்தது. கடைசியில் காவலர்களே, இவர் போய்த் தொலையட்டும் என்று முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் போகவில்லை.

சோற்றுப் பார்சலோடு வந்த மனைவி பாலேஸ்வரி கெஞ்சினாள். "இஞ்சாருங்கோ, கதவு திறந்துதானே கிடக்கு. எழும்பி வாங்கோ."

"விடுதலைக்குக் கோட் ஓடர் வரட்டும், பாலேஸ். சட்டத்தைக் கேட்ட நானே சட்டமில்லாமல் வெளிக்கிட்டால் கட்சி என்னத்துக்கு?"

"கட்சிக்கு நீங்கள் வேணும். எனக்கு வேண்டாமே?"

அவர் பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். திறந்த கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு மாதம் இருந்தார். மாதாமாதம் மஜீட் விடுதலைக் கட்டளை கேட்டு நீதிமன்றத்துக்கு நடந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை பெரியதம்பி செத்துப்போனார்.

புதன்கிழமை, கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோகச் சவப்பெட்டியை மூடினார்கள். மூடி எழும்பியது. எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரோடும் எழும்பியது. பாலேஸ்வரி அழவில்லை. "ஓடர் வரேல்லை. அவர் போகமாட்டார்," என்றாள்.

பத்தரைக்கு மஜீட் மூச்சிரைக்க வந்தார். கையில் விடுதலைக் கட்டளை, முந்தின நாள் திகதியோடு. தலைமாட்டில் நின்று ஒரு வரி விடாமல் வாசித்தார். மூடி தானாக இறங்கிப் படிந்தது.

மஜீட் பெட்டி மூடியின் பித்தளைப் பிணைச்சலை விரலால் தடவிப் பார்த்தார். புத்தம் புதியது.

"துரு இல்ல," என்றார். "மெய்தான். நடந்திச்சு."