கியர்பாக்ஸுக்குத் தொண்ணூறு

கலாவதி டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானதற்குக் காரணம் அவளுடைய இடது கால் என்று சான்டா கிளாராவில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் செய்தி போய்விட்டது. பரப்பியவன் வேறு யாருமில்லை, தாலி கட்டிக் கூட்டி வந்த நஞ்சுண்டன்தான். "க்ளட்ச் முழுசா மிதிக்க மாட்டேங்கறா" என்று போகிற இடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

காலுக்கு ஒரு கேடும் இல்லை. எல்லாம் எண்ணெய் செய்த வேலை. அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கியபோது கியர் நன்றாகத்தான் விழுந்தது. கலாவதி அதில்தான் ஓட்டவே கற்றுக்கொண்டாள். ஆனால் நஞ்சுண்டனுக்குக் கை சும்மா இருக்குமா? சங்ககிரியில் லாரிக்காரக் குடும்பம். கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே வந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவன். ஸ்பேனர் பிடித்து நாளாயிற்றே என்று கிறிஸ்துமஸ் லீவில் வண்டியை மில்பிடாஸுக்கு ஓட்டிப்போய், குடும்ப நண்பர் சந்தானம் அங்கிள் வீட்டு கராஜில் போட்டு கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினான். ஊற்றியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். லாரிக்கு ஊற்றுகிற, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியான சமாசாரம்.

அன்றைக்குப் பிடித்தது ஏழரை. ஜனவரிக் குளிரில் அந்த ஆயில் இன்னும் இறுகி, காலையில் வண்டியை எடுத்தால் இரண்டாவது கியர் விழவே விழாது. நன்றாக ஓடிச் சூடேறிய பிறகுதான் அதற்கு மனம் இரங்கும். நஞ்சுண்டன் கார்பூலில் ஆபீஸ் போகிறவன். வண்டியை அவன் தொடுவதே வெயில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? டெஸ்டோ காலையில், அவன் ஆபீஸில் இருந்த நேரத்தில்; துணைக்குத் தெரிந்த ஒரு பெண்மணிதான் வந்திருந்தாள். சிக்னலில் இடது பக்கம் திரும்பும்போது இரண்டாவது விழாமல் கரகரவென்று கத்தி, வண்டி நாற்சந்தியின் நடுவில் நின்றுவிட்டது. டெஸ்ட் எடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டி.எம்.வி. அம்மாள், லைசென்ஸ் ஆபீஸ்காரி, திரும்பிப் போகச் சொன்னாள்.

மறுபடியும் டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமை கலாவதி மில்பிடாஸில் வேலையில் சேர வேண்டும். சேரும் தேதியை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிக் கேட்டாயிற்று. அந்த ஆபீஸ் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாவிட்டால், வருஷக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்து தேடிய வேலை அவ்வளவுதான்.

"ஏனுங்க, ஆயில் மாத்துனதுக்கப்புறந்தான் இப்படி ஆகுது. கொஞ்சம் கேளுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா! க்ளட்ச்ச ஒழுங்கா மிதி கலா. கியர்பாக்ஸுக்குத் தொண்ணூறு. எங்கப்பா காலத்துல இருந்து தொண்ணூறுதான்."

"இது உங்கப்பா லாரியா?"

அவள் காருடன் வந்த புத்தகத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரே விரித்தாள். கியர்பாக்ஸுக்கு டென் டபிள்யூ தர்ட்டி என்ஜின் ஆயில் ஊற்றவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நஞ்சுண்டன் படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"பிரிண்டிங் மிஸ்டேக்" என்றான்.

"கார் செஞ்சவனே தப்பாப் போடுவானா?"

"இந்த ஊர்ல அத்தனை பேரும் ஆட்டோமேடிக் ஓட்டறான். கியர் வண்டியப் பத்தி இவனுக்கென்ன தெரியும்? என்ஜின் பக்கத்துல போடவேண்டியத இங்க போட்டுட்டான். கியர்பாக்ஸ்ல எவனாச்சும் என்ஜின் ஆயில் ஊத்துவானா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். கலாவதிக்குப் புத்தகத்தாலேயே நாலு போடலாமா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சந்தானம் அங்கிள் வீட்டில் சாப்பிடக் கூடின. சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்க, ஆண்கள் கியர்பாக்ஸைப் பற்றி டிசைன் மீட்டிங் போட்டார்கள். ஒருவர் இன்டர்நெட்டில் தேடலாம் என்றார். ஒருவர் லேடீஸுக்கு ஆட்டோமேடிக்தான் சரி என்றார். சந்தானம் அங்கிள் பெரிய மனுஷர் ஆயிற்றே, தீர்ப்பு வழங்கினார்: "ரெண்டு ஆயிலையும் பாதிப் பாதி கலந்து ஊத்துப்பா. காம்ப்ரமைஸ்."

கலாவதி தட்டோடு சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

"புஸ்தகத்துல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாள் சந்தானத்தின் மனைவி பர்வதம்.

கலாவதி சொன்னாள்.

"அப்ப அத ஊத்த வேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு இத்தன பேர் கத்தறா? புதன்கிழமை வரேன். சேர்ந்து போலாம்."

புதன்கிழமை பர்வதம் ஆன்ட்டி தன் லைசென்ஸோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, கலாவதி வண்டியை ஓர் ஆயில் மாற்றும் கடைக்கு ஓட்டிப்போனாள். கடைக்காரன் புத்தகத்தைப் பார்த்தான், தலையாட்டினான், மாற்றிக் கொடுத்தான். வியாழக்கிழமை காலை, கண்ணாடியில் பனி படர்ந்த குளிரில், ஆன்ட்டியை மறுபடி வரவழைத்து வண்டியை எடுத்தாள். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் ராத்திரி படுத்துக்கொண்டு தன் காலைத்தான் அவளும் சந்தேகப்பட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நஞ்சுண்டன் லீவு போட்டுவிட்டு டி.எம்.வி.க்கு அவனே ஓட்டினான். "பாத்தியா, கியர் எப்படி விழுதுன்னு! ஆயில் செட் ஆயிப்போச்சு" என்றான். கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். முதலில் டெஸ்ட் முடியட்டும்.

பாஸாகிவிட்டாள். லைசென்ஸ் காகிதத்தோடு வந்தபோது அவன் பழக்கதோஷத்தில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டிருந்தான்.

"நான் அப்பவே சொல்லல? க்ளட்ச்ச முழுசா மிதிச்ச, பாஸாயிட்ட."

"க்ளட்ச் இல்லீங்க. புதன்கிழமையே உங்க தொண்ணூற எடுத்துப்போட்டு என்ஜின் ஆயில் ஊத்தியாச்சு."

அவன் முகம் வெளுத்தது. "என்ஜின் ஆயிலா? கியர் பல்லெல்லாம் தேஞ்சு போயிருமே! இப்பவே அங்கிள் வீட்டு கராஜுக்கு..."

கலாவதி கையை நீட்டிச் சாவியை உருவினாள்.

"இறங்குங்க."

அவன் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் உட்கார்ந்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்ற கால் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் ஆயிலப் பத்திப் பேசலாம்."

அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, "தப்பில்ல" என்றான்.

"இங்க இல்ல. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுல."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார்கிட்டயும்தான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு கலாவதி வண்டியை ரோட்டுக்கு எடுத்தாள்.