சாய்தளத்துக்கு வைத்த செங்கற்கள்

ஜெரோம் காலையில் எழுந்ததும் பல் துலக்குவான், பால் காய்ச்சுவான், பிறகு கிறிஸ்டினாவின் சக்கர நாற்காலிக்குக் காற்றடிப்பான். அதில் உட்கார ஆளில்லாமல் இரண்டு கோடை போய்விட்டது. டயருக்கு அது தெரியாது, அது பாட்டுக்குக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கேனையும் டிபன் பாக்ஸையும் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பொழிச்சலூர் கடைத்தெருவைத் தாண்டி, இணைகரம் மாற்றுத்திறனாளிகள் நலச் சங்கத்தின் வாசலுக்குப் போவான். நாற்காலியை அடிப்படியின் ஓரமாக நிறுத்திவிட்டு ஏறத் தொடங்குவான். நிற்காமல் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அலுவலகத்தை அடைந்துவிடலாம். விமானங்கள் இறங்கும் பாதைக்குப் பக்கத்தில் படிக்கட்டு நிற்பதால், பாதிக்கு மேல் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் தொடங்கியபோது அலுவலகத்துக்கு மூன்றே படிகள் இருந்தன. உறுப்பினர்கள் அத்தனை பேரும் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வருகிறவர்கள் என்பதால், படிகளின் மேல் ஒரு சாய்தளம் கட்டுவதென்று முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போட்டார்கள். செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் அதற்கு நன்கொடை திரட்டினார். முதல் நன்கொடையாளர் பம்மலிலிருந்து குடும்பத்தோடு வந்து, மஞ்சள் குங்குமம் வைத்த செங்கல் ஒன்றை மூன்றாம் படிக்குப் பக்கத்தில் வைத்து, தேங்காய் உடைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். செங்கல் அப்போது எட்டு ரூபாய். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடத்தில் நான்காவதாக ஒரு படி இருந்தது. சிமெண்ட் பூசி, காய்ந்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டு.

அடுத்த நன்கொடையாளருக்கும் முதல் செங்கல் வைக்கும் மரியாதையைத்தான் கொடுத்தார்கள். அதற்கடுத்தவருக்கும். பாஸ்டர் ஜெபம் செய்து வைத்ததும், ஹஜ்ரத் துவா ஓதி வைத்ததும், பிறந்தநாள் குழந்தை கையால் வைத்ததும் எல்லாமே முதல் செங்கல்தான். இரண்டாவது செங்கல் எது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு விழாவுக்கும் மறுநாள் ஒரு படி கூடியது. படியோடு அலுவலகமும் மேலே போயிற்று. தையல் கூடமும் தங்கும் அறைகளும் தரையிலேயே நின்றுவிட்டன. உச்சி தென்னைகளைத் தாண்டிய வருஷம், விமான நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து சிவப்பு விளக்கு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். பேருந்து நடத்துநர்கள் அந்த நிறுத்தத்தைப் படிக்கட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பல்லாவரத்தில் ஒரு லாரி இடித்ததிலிருந்து கிறிஸ்டினாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்குப் பிறகுதான் ஜெரோம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வந்து நிற்கவில்லை. அவள் தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைத்தாள். சாய்தளப் பணம் என்ன ஆயிற்று என்று பொதுக்குழுவில் முதலில் கேட்டவள் அவள்தான். ஸ்ரீநிவாசராகவன் கோபப்படவில்லை. அவர் எதற்கும் கோபப்பட்டதில்லை.

"நம்ம சொசைட்டில எல்லாமே ஓப்பன்மா. எந்த மெம்பரும் எப்ப வேணா ஆபீசுக்கு வந்து கணக்கப் பாக்கலாம். வரணும், அவ்வளவுதான்" என்றார்.

கணக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வராது என்பது விதி. அலுவலகம் அப்போது மூன்றாம் மாடி உயரத்தில் இருந்தது. பக்கத்து மிஷினில் தைக்கும் பஷீராவுக்குச் சிறுவயதிலேயே இளம்பிள்ளைவாதம். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னா ஒரு மூளை பாத்தியா கிறிஸ்டி! மெம்பருங்களுக்குக் கால் இல்ல, கணக்குக்கு மட்டும் றெக்கை கீது."

மனுக்கள் போயின. ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். பாதிவரை ஏறி, மூச்சு வாங்கி, பதிவேடுகள் முறையாக உள்ளன என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு இறங்கினார். அப்போதுதான் கிறிஸ்டினா ஜெரோமுக்குத் தன் சார்பில் பார்வையிட அதிகாரம் எழுதிக் கொடுத்தாள். சித்திரை வெயில். அவளை அடிப்படியருகே புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு அவன் ஏறினான். மேலே மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். கணக்கு ஆடிட்டரிடம் இருப்பதாகவும், ஆடிட்டர் தாம்பரத்தில் இருப்பதாகவும், தாம்பரத்தில் இன்று விடுமுறை என்றும் ஸ்ரீநிவாசராகவன் நிதானமாக விளக்கினார். நடுவில் ஏலக்காய் போட்ட டீ வந்தது. ஜெரோம் குடித்தான். அவன் இறங்கி வந்தபோது நிழல் மரத்தின் மறுபக்கம் போயிருந்தது. வெயிலில் அவள் தலை தோளில் சாய்ந்திருந்தது. இதயம் என்று டாக்டர் எழுதினார்.

முப்பதாம் நாள் படிக்கட்டின் இரு பக்கமும் அவள் படம் போட்ட பேனர்கள் கட்டப்பட்டன. கிறிஸ்டினா நினைவுச் சாய்தளம். ஜெரோமிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சிரிக்கும் படம் நன்றாக வசூலித்தது. அந்த ஒரு மாதத்தில் வைத்த முதல் செங்கற்கள் அதற்கு முந்தைய மூன்று வருஷத்தைவிட அதிகம். மழைக்காலத்தில் அலுவலகம் மேகத்துக்குள் போய்விட, ஸ்ரீநிவாசராகவன் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டார்.

விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஜெரோம் மாலை ஷிப்ட் மாற்றி வாங்கினான். தினமும் ஏறினான். மேலே தினமும் டீ வந்தது. அவன் தொடமாட்டான், அது அவன் முன்னால் ஆறி, ஆடை கட்டி, திரும்பிப் போகும்.

"எடுத்துக்கோங்க ஜெரோம். இவ்வளவு தூரம் வர்றீங்க."

"கணக்கு, சார்."

"ஆடிட்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு வந்துடுங்க."

நாளைக்கு இன்னொரு படி கூடியிருக்கும். கீழே வந்ததும் பஷீரா அவனுக்காகத் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். "இன்னா ஜெரோம்ணா, இன்னிக்கும் ஆடிட்டரா? அந்த ஆளுக்குக் கையே இல்ல போல. அவனையும் நம்ம சங்கத்துல சேத்துக்கலாம்" என்பாள். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "எதுக்குண்ணா இந்தப் பேஜாரு? கேஸ் போடு, இல்ல வுட்டுடு. இப்டியே ஏறிகினே இருந்தா உன் காலும் போய்டும்." அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். வழக்கு ஏற்கெனவே போட்டிருந்தான். அதற்கான நோட்டீஸை மேலே கொண்டுபோய்க் கொடுக்கக் கோர்ட்டில் ஆள் கிடைக்காமல் அது ஒவ்வொரு முறையும் திரும்பிக்கொண்டிருந்தது.

இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. படிக்கட்டின் நிழல் காலையில் அனகாபுத்தூர் வரை விழுகிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் துணி காய நேரமாகிறது என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. அடியில் ஓர் இளநீர்க் கடை வந்திருக்கிறது. நன்கொடையாளர்கள் இன்னும் வருகிறார்கள்; செங்கலை அடிப்படியருகே வைத்தாலே போதும், அது தானாக மேலே போய்ச் சேர்ந்துகொள்கிறது. காற்று நிறைந்த டயரோடு நாற்காலி புங்கமரத்தடியில் நிற்கிறது. நிழல் நகரும்போதெல்லாம் பஷீரா அதையும் நகர்த்தி வைக்கிறாள்.

ஜெரோம் ஏறிக்கொண்டிருக்கிறான். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று தெருவில் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அனுப்பிய வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். அன்று மரத்தடியில் நாற்காலிக்கு பிரேக் போட்டுக்கொண்டு கிறிஸ்டினா சொன்னாள்: "நான் இங்கயே இருக்கேன், நீ போய்க் கணக்கக் கேட்டுட்டு வா. மேல டீ குடுப்பாங்க. குடிச்சுட்டு சும்மா வந்துடாதடா."