சப்பிக்கு ஒரு சலவை

ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன்மேல் பொறாமை வந்தால் ஊருக்குப் புரியும். பக்கத்துக் கடைக்காரன்மேல் வரலாம், கூடப் பிறந்தவன்மேல் வரலாம், ஏன், பெற்ற பிள்ளைமேல்கூட வரலாம். இந்த லாண்டரிக்காரருக்கு வந்தது ஒரு துணிப் பொம்மைமேல். வெளியே சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். அதனால் யாரிடமும் மூச்சு விடாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார்.

பொம்மையின் பெயர் சப்பி. மூக்கு இருக்க வேண்டிய இடம் சப்பையாக இருந்ததால் வந்த பெயர். ஒரு முழ உயரம், பொத்தான் கண்கள், என்றோ வெள்ளையாக இருந்த உடம்பு, கறுப்பு நூலில் இரட்டைச் சடை. அதில் ஒன்று பாதிதான் மிச்சம். அவர் மனைவி பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவள் கைக்கு வந்தது. இப்போது அவளுக்குக் காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. சப்பியோ இன்னும் கட்டிலில் அவள் தலையணைக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தது. கல்யாணமாகி வந்த அன்று அவள் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்ததே அதுதான். ரெண்டு நாளில் பரணுக்குப் போய்விடும் என்று அவர் நினைத்தார். பரணுக்குப் போனது அவருடைய பழைய ரேடியோ.

பொம்மை ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் அவள் அதோடு பேசினாள். அவர் கடையை மூடிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறைக்குள்ளிருந்து குரல் கேட்கும்: "இன்னைக்குக் கால் வலி உயிர் போகுது சப்பி." அவர் உள்ளே போய், "என்ன, கால் வலியா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, லேசாத்தான்" என்பாள். உயிர் போகிற வலி பொம்மைக்கு, லேசான வலி புருஷனுக்கு. இந்தக் கணக்கு எந்த ஆம்பளைக்குத்தான் ஒத்துவரும்?

அவருக்குத் தெரிந்த ஒரே பதிலடி கிண்டல்தான். "மாமியார் தூங்கிட்டாங்களா?" என்று சப்பியைக் காட்டிக் கேட்பார். "தரை துடைக்கிற துணிக்கு ரெண்டு பொத்தான் தெச்சு வெச்சிருக்கே" என்பார். முதலில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது, அவர் மட்டும் நிறுத்தவில்லை.

கடையில் அவர் வேறு ஆள். கறை எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துணியை விரித்துப் போட்டு, கொண்டுவந்தவரைப் பார்த்து, "இது என்ன கறை? எப்படிப் பட்டுச்சு? எப்போ?" என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். கேட்காமல் கை வைக்க மாட்டார். இங்க்குக்கு ஒரு வைத்தியம், எண்ணெய்க்கு ஒரு வைத்தியம். மாற்றிப் போட்டால் துணியே போய்விடும். கறையின் கதை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கொள்கை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ் டிரைவர், சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். சாப்பிட்டுவிட்டு அறைப்பக்கம் எட்டிப் பார்த்தவர், கட்டிலில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"அடிப்பாவி, இவ இன்னும் உயிரோடதான் இருக்காளா!"

அவ்வளவுதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் வயசு போன இடம் தெரியவில்லை. ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சப்பியை மடியில் போட்டுக்கொண்டு, கறை கறையாகக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். மூக்குக்குக் கீழே நீலக் கோடு: தங்கைமேல் கோபம் வந்து அண்ணன் பேனாவால் வரைந்த மீசை. "மூணு நாள் என்கூடப் பேசல இவ. என்கூட மட்டுமில்ல, பேனா வாங்கிக் குடுத்த அப்பாகூடவும் பேசல!" நெஞ்சில் சிவப்பு: காய்ச்சல் மருந்து. சப்பிக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால்தான் அவள் ஒரு ஸ்பூன் குடிப்பாள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு: அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம் அம்மா சப்பிக்கும் எண்ணெய் வைத்துத் தலை வாரியாக வேண்டும். பாதத்தில் செம்பழுப்பு: பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அவளைப் பார்ப்பதற்காக மழையில் ஜன்னல் கம்பிமேல் காத்திருந்ததில் பட்ட துரு.

"தெருமுனையில திரும்பும்போதே இவ கால் தெரியும். அப்புறம் எனக்கு எந்தப் பயமும் இருக்காது" என்றாள் அவள். அந்தக் குரலை அவர் வீட்டில் கேட்டதே இல்லை.

லாண்டரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். காதில் புகை வந்துகொண்டிருந்தது. பொம்மைமேல் மட்டுமில்லை, இப்போது அந்த மழைமேலும், ஜன்னல்மேலும், காய்ச்சல்மேலும் பொறாமையாக இருந்தது. இவளுக்குக் காய்ச்சல்கூட இனிப்பாக வந்திருக்கிறதே!

"மாப்பிள்ளை, நீங்க சின்ன வயசுல என்ன பொம்மை வெச்சிருந்தீங்க?" என்று மச்சான் கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்தார். "பொம்மையெல்லாம் இல்ல மச்சான். டயர்."

"டயரா? ஓட்டுவீங்களா?"

"எதிர்வீட்டுப் பையன் ஓட்டுவான். நான் கூடவே ஓடுவேன்."

மச்சான் கூரை அதிரச் சிரித்தார். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "பாவம்ல சப்பி?"

அவருக்காகப் பட்ட பரிதாபத்தைக்கூட அவள் பொம்மையிடம்தான் சொன்னாள். அந்த இடத்தில்தான் அவருக்கு உள்ளே ஏதோ அறுந்துபோனது.

மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரெண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று அவள், "சப்பியைப் பாத்துக்கோங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். "நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை, தைரியமும் வரவில்லை. அவ்வளவு கெட்டவரும் இல்லை. துவைக்கலாமே? லாண்டரிக்காரன் பொண்டாட்டி அழுக்குப் பொம்மை வைத்திருந்தால் அவருக்குத்தானே அவமானம்? நல்லதுக்குத்தானே செய்கிறோம்? சப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் வழியெல்லாம் இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டே நடந்தார்.

கடையில் அயர்ன் போடும் பெரியவர், அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த பொத்தான் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, பேத்திக்கா?" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தார். அவருக்குப் பிள்ளையே கிடையாது, பேத்திக்கு எங்கே போவது?

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துச் சப்பியை மல்லாக்கப் படுக்க வைத்தார். அவருக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கறையின் கதையும் முந்தின நாள்தான் காதில் விழுந்திருந்தது; அவள் ஆசையாகச் சொன்ன ஒவ்வொன்றும் இப்போது அவருக்கு வைத்தியக் குறிப்பு ஆனது. ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார், அண்ணன் வரைந்த மீசை போனது. வினிகரில் காய்ச்சல் போனது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் அம்மா வைத்த எண்ணெய் போனது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தார். ஜன்னலும் மழையும் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அத்தனை வருஷத் தொழிலில் எந்த வேலையும் அவர் அவ்வளவு ரசித்துச் செய்ததில்லை.

புரட்டிப் போட்டார். சடைக்கு அடியில், பின்கழுத்தில், கட்டை விரல் அகலத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது.

இதற்குக் கதை இல்லை. அண்ணனும் காட்டவில்லை, அவளும் சொல்லவில்லை. சடைக்குள் ஒளிந்து கிடக்கிறதே, அப்படியானால் ஒளித்து வைத்திருக்கிறாள். யாரிடமிருந்து? வேறு யார், புருஷனிடமிருந்துதான்! அவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சொன்ன கதைகள்மேல் வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது, சொல்லாத கதைமேல் வந்த பொறாமைக்கு முன்னால்.

ஸ்பிரிட் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. வினிகருக்கும் வெந்நீருக்கும் மசியவில்லை. சாப்பாட்டுக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள், பெரியவரே துணியை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். கடைசியில் அலமாரி அடித்தட்டிலிருந்து பெட்ரோலை எடுத்து ஊற்றி, பிரஷ்ஷால் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். கரைந்தது. எதற்கு எது போகும் என்று விரல்நுனியில் வைத்திருந்த மனுஷன், எதில் போனது என்பதை வைத்து அது என்ன கறை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வயிறு எரிகிறவனுக்கு மூளை எங்கே வேலை செய்யும்?

அதோடு விட்டாரா? முதுகுத் தையலைப் பிரித்து, கட்டிதட்டிப் போயிருந்த பழைய பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, மெத்தைக் கடையில் புதுப் பஞ்சு வாங்கி அடைத்துத் தைத்தார். அவள் கையை வைத்து வைத்துத் துவண்டிருந்த கழுத்து விறைப்பாக நிமிர்ந்தது. காயவைத்து, பழக்க தோஷத்தில், கஸ்டமர் துணிக்குக் குத்துகிற மாதிரியே காலில் நம்பர் துணி குத்தி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிலில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். பையை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவர் கூடத்தில் காத்திருந்தார். அழுவாள், திட்டுவாள், அப்புறம் சமாதானமாகி, அடுத்த கால் வலியை அவரிடம் சொல்லுவாள் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு.

அவள் கவரோடு வெளியே வந்தாள். கவரைப் பிரித்துப் பொம்மையை முகர்ந்து பார்த்தாள்.

"யாரோ கஸ்டமர் பொம்மை மாதிரி இருக்குங்க" என்றாள்.

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்..."

அவள் நம்பர் துணியைக் கழற்றினாள். சடையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"கழுத்துல இருந்ததையுமா எடுத்துட்டீங்க?"

"எல்லாத்தையும்தான் எடுத்தேன். அது மட்டும் என்ன ஒசத்தி?" குரல் அவரை மீறி எகிறியது. "அது என்ன கறைன்னு நீ எனக்குச் சொன்னதே இல்லையே!"

"நீங்க கேக்கலையே. கடையில யார் யார்கிட்டயோ கேக்கறீங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசும்போது அவரைப் பார்க்கவில்லை, புதுசாக நிமிர்ந்திருந்த அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடை மெஷின் பெல்ட்ல கை மாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஆம்பளைங்க வார்டுன்னு சாயங்காலமே என்னை வெளிய அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா தூக்கமே வராது. உங்களைக் கொண்டுபோன அன்னைக்கு நீங்க போட்டிருந்த சட்டை, அதைச் சப்பிக்குப் போட்டுவிட்டுக் கட்டிப் பிடிச்சுட்டுத்தான் படுப்பேன். நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். காலர் பூரா மெஷின் கிரீஸ். அது அவ கழுத்துல ஒட்டிக்கிச்சு. நீங்க நல்லபடியா திரும்பி வந்ததும் சட்டையைத் துவைச்சேன். இவ கழுத்துல ஒட்டினதை மட்டும் துவைக்க மனசு வரல."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'மாமியாருக்கு என் சட்டையா'ன்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பார். அதே வார்த்தையில் கேட்டிருப்பார்.

அவள் சண்டை போடவில்லை. எழுந்து போய்க் கூடத்து ஷோகேஸைத் திறந்து, விருந்தாளிகளுக்கான கண்ணாடித் தம்ளர்களை ஒதுக்கி, சப்பியை நடுவில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தினாள். புதுப் பஞ்சு என்பதால் சாயாமல் நன்றாகவே நின்றது. "இனிமே அழுக்காகாது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களையப் போனாள். போகும்போது லேசாகக் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் தலையணைக்குப் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. அதற்காகத்தானே இத்தனை வருஷம் புழுங்கினார்? ஆனால் இப்போது அவர் வயிற்றெரிச்சலெல்லாம் வேறொருத்தன்மேல் திரும்பியிருந்தது. ஆண்கள் வார்டில், கையில் பெரிய கட்டோடு, நர்ஸைத் திட்டிக்கொண்டு கிடந்தானே, அவன்மேல். அவன் அழுக்குச் சட்டையைக்கூட ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். கொடுத்து வைத்த பயல்! அவனுக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை.